கன்டெம்ப்ட்: அவமதிப்பா, மதியாமையா?

‘கன்டெம்ப்ட் ஆஃப் கோர்ட்’ என்பதை நம் செய்தித்தாள்கள் ‘நீதிமன்ற அவமதிப்பு’ என்று எழுதுகின்றன. அதைப் படித்ததும் நீதிபதியை யாரோ திட்டிவிட்டார், அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்றுதான் நினைக்கத் தோன்றும். அது பாதிதான் சரி. குற்ற வழக்கு விசாரணையைக் கூச்சலிட்டுக் குலைப்பவர்மீது நீதிபதி தாமே என்ன செய்யலாம், ‘இவர்மேல் கேஸ் போடு’ என்று அரசு வழக்கறிஞரைக் கட்டாயப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு இந்தப் பாதிப் பொருளை வைத்துக்கொண்டு விடை காண முடியாது.

லத்தீனில் ‘தெம்னெரே’ என்றால் பொருட்படுத்தாமல் விடுவது, துச்சமாக எண்ணுவது. அதோடு அழுத்தம் தரும் ‘கொன்’ சேர்ந்து ‘கொன்தெம்னெரே’ ஆகி, அதிலிருந்து ஆங்கிலச் சொல் பிறந்தது. பழைய இங்கிலாந்தில் நீதிமன்றம் மன்னரின் பெயரால் நடந்தது. அதன் கட்டளையைப் பொருட்படுத்தாதவர் மன்னரையே பொருட்படுத்தாதவர். அதாவது, வசைச்சொல் ஒன்றுகூடத் தேவையில்லை. சம்மன் வந்தும் வராமல் இருப்பது, உத்தரவைக் கிடப்பில் போடுவது, விசாரணையை நடத்தவிடாமல் கத்துவது எல்லாமே இதில் அடங்கும்.

நம் ‘அவமதிப்பு’ வேறு வரிசையில் நிற்கிறது. ‘அவ’ வடமொழி முன்னொட்டு. அவமானம், அவமரியாதை என்று அதன் உறவுகளெல்லாம் மானத்தோடு தொடர்புடையவை. அதனால்தான் இந்தச் சொல்லைக் கேட்டதும் நீதிபதியின் கௌரவம் முன்னால் வந்து நிற்கிறது, தடைபட்ட விசாரணை பின்னால் போய்விடுகிறது. என்னைக் கேட்டால் ‘மதியாமை’ என்ற சொல்தான் லத்தீன் மூலத்துக்கு நெருக்கம். ‘மதியாதார் தலைவாசல் மிதியாதே’ என்பதில் மரியாதை இருக்கிறது. ‘சொன்னதை மதிக்கவே இல்லை’ என்பதில் கீழ்ப்படியாமை இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. விசாரணையைக் குலைப்பதை மட்டும் குறிக்க வேண்டுமானால் ‘விசாரணைக்கு இடையூறு’ என்று நேராகவே எழுதலாம்.

அவமதிப்பையும் இடையூறையும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1969-ல் அமெரிக்காவின் சிகாகோவில் நடந்த வழக்கு ஒன்று போதும். முந்தைய ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது நடந்த போராட்டங்களுக்காக எட்டுப் பேர்மீது வழக்கு. அவர்களில் ஒருவர், கறுப்பின உரிமைக்காகப் போராடிய கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தின் பாபி சீல். தன் வழக்கறிஞர் அறுவை சிகிச்சையால் வர முடியவில்லை, அப்படியானால் எனக்கு நானே வாதாடுகிறேன் என்று திரும்பத் திரும்ப எழுந்து கேட்டார். நீதிபதி ஜூலியஸ் ஹாஃப்மன் அவரை நாற்காலியோடு கட்டி, வாயையும் அடைக்க வைத்தார். அப்புறம் 16 கன்டெம்ப்ட் குற்றங்களை அவரே எண்ணிச் சொல்லி, 4 ஆண்டு சிறை விதித்தார். அரசு வழக்கறிஞரின் குற்றச்சாட்டு இல்லை, தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி இல்லை. கண்டவரும் அவரே, தண்டித்தவரும் அவரே. 1972-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வசைக்கு ஆளான நீதிபதியே, வழக்கு முடிந்தபின் அதற்குத் தண்டனை விதிக்கக் கூடாது, இன்னொருவர்தான் விசாரிக்க வேண்டும் என்பது அதற்குள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்ட நெறி.

ஆக, தன் கண்முன்னே நடக்கும் கன்டெம்ப்டை அப்போதே தண்டிக்க நீதிபதி அரசு வழக்கறிஞரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒருவர்மீது குற்றம் சாட்டும் ‘சார்ஜ்’ அப்படியல்ல.

சார்ஜ் என்பதன் வேர், லத்தீனில் வண்டியைக் குறிக்கும் ‘கார்ருஸ்’. வண்டியில் பாரம் ஏற்றுவது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒருவர்மேல் குற்றத்தை ஏற்றுவது என்றானது. தமிழில் நாமும் ‘குற்றம் சுமத்துகிறோம்’! எங்கோ தனியாகப் பிறந்த அதே பாரம். இந்த ஒற்றுமை எனக்கு மிகவும் பிடிக்கும். ‘குற்றச்சாட்டு’ என்பதைவிடச் ‘சுமத்துதல்’ ஒரு கேள்வியை உடனே எழுப்புகிறது. சுமையை ஏற்றும் கை யாருடையது?

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் 1964-ல் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. வாக்காளர் பதிவு வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னதாக இரண்டு கறுப்பின மக்கள்மீது குற்றம் சுமத்த கிராண்ட் ஜூரி (வழக்குத் தொடரலாமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) விரும்பியது. அரசு வழக்கறிஞர் ராபர்ட் ஹாபெர்க், வாஷிங்டனிலுள்ள மத்திய அரசு சொன்னபடி, அதற்கான ஆவணத்தில் கையெழுத்திட மறுத்தார். நீதிபதி ஹரால்டு காக்ஸ் அவர்மீதே கன்டெம்ப்டைப் பாய்ச்சினார். 1965-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. குற்றம் சுமத்துவதா வேண்டாமா என்பது நிர்வாகத்தின் முடிவு, நீதிபதி அதில் கைவைக்க முடியாது என்றது. நீதிபதி தன் சொந்த ஆயுதத்தைக் காட்டிக்கூட இன்னொருவர் கையால் சுமை ஏற்ற முடியவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. கன்டெம்ப்ட் வழக்கையே நடத்த அரசு வழக்கறிஞர் மறுத்தால், நீதிமன்றம் வேறொரு வழக்கறிஞரை நியமிக்கலாம் என்று 1987-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. போலிக் கைப்பைகளைப் பற்றிய வழக்கு அது. லூயி விட்டோன் நிறுவனத்தின் வழக்கறிஞர்களையே கீழ் நீதிமன்றம் நியமித்திருந்தது. வழக்கில் ஆதாயம் உள்ளவரை நியமித்தது தவறு என்று தண்டனையை ரத்து செய்தார்கள், ஆனால் நியமிக்கும் அதிகாரத்தைக் காப்பாற்றினார்கள்.

சரி, இந்தியாவில்? இங்கே ஏற்பாடு கிட்டத்தட்டத் தலைகீழ். நம் குற்றத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 267-ஆம் பிரிவு, நீதி நடவடிக்கையில் அமர்ந்திருப்பவரை வேண்டுமென்றே அவமதிப்பதையும் அவருக்கு இடையூறு செய்வதையும் தனித்தனியாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. நீதிமன்றத்தில் நடந்த இந்தக் குற்றத்துக்குப் போலீஸ் தானாகக் குற்றப்பத்திரிகை போட்டுவிட முடியாது, நீதிமன்றத்தின் எழுத்துப் புகார் வேண்டும். அல்லது, தன் கண்முன்னே நடந்திருந்தால், அன்று கோர்ட் கலைவதற்குள் விளக்கம் கேட்டு நீதிபதியே 1,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். முன்பு அது 200 ரூபாயாக இருந்தது. அதற்கு மேல் தண்டனை வேண்டும், சிறைதான் சரி என்று நினைத்தால் நடந்ததை எழுதி, வாக்குமூலத்தோடு ஒரு குற்றவியல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். அங்கே அந்த நீதிபதி வெறும் புகார்தாரர். விசாரிப்பதும் தண்டிப்பதும் அந்த நடுவர்.