விபூதிக்கு அசையாத கறுப்பு

கிராண்ட் கேன்யன் போய்வந்த மகன் வாங்கிக் கொடுத்த வெள்ளிக் காப்பைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார் ஒரு வாசகி. பளபளக்கும் வெள்ளியில் மேகமும் மழைத்தாரையும் மைக்கறுப்பில். கேள்வி மூன்று. “விபூதி போட்டுத் தேய்த்தும் கறுப்பு போகவில்லையே, பெயிண்டா? வெள்ளி கறுத்தால் கண்ணேறு என்கிறார்களே? அலுமினியத் தாள், சமையல் சோடா, வெந்நீர் போட்டால் போய்விடுமாமே, செய்யட்டுமா?”

கண்ணேறை முதலில் கழித்துவிடுவோம். காற்றில் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்ஃபைடு எப்போதும் உண்டு. அதிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் சில்வர் சல்ஃபைடு, கறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு இதில் வேலையே இல்லை.

உங்கள் காப்பில் அந்தக் கறுப்பை வேண்டுமென்றே ஏற்றியிருக்கிறார்கள். அது அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்கள் செய்யும் நகை. இந்தப் பாணி வேரூன்றியதில் ஓர் ஓவியருக்குப் பெரிய பங்கு உண்டு: ஃப்ரெட் கபோட்டி.

1900-ஐ ஒட்டி ஷுங்கோபவி என்ற மேட்டு நிலக் கிராமத்தில் பிறந்தவர். 1915-இல் சாந்தா ஃபேயிலிருந்த அரசு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பழங்குடிப் பிள்ளைகளிடமிருந்து அவர்களுடைய மொழியையும் சடங்குகளையும் பிரித்தெடுப்பதற்காகவே நடத்தப்பட்ட பள்ளிகள் அவை. பையனோ, ஊர் நினைப்பு வாட்ட, ஊரில் பார்த்த கத்சினா ஆட்டங்களையே, அதாவது தெய்வ ஆவிகளாக வேடமிட்டு ஆடும் சடங்கு ஆட்டங்களையே, வண்ணத்தில் தீட்டினான். பள்ளிக் கண்காணிப்பாளரின் மனைவி எலிசபெத் டிஹஃப் அதைத் தடுக்காமல் வண்ணமும் தாளும் கொடுத்தார். பின்னாளில் கிராண்ட் கேன்யன் விளிம்பிலுள்ள டெசர்ட் வியூ கோபுரத்தின் சுவர்களில் கபோட்டி ஓவியம் தீட்டினார். உங்கள் மகன் அதைப் பார்த்திருக்கவும் கூடும்.

அந்நாளில் ஹோப்பி வெள்ளி நகையை அக்கம்பக்கத்துப் பழங்குடிகளான நவாஹோ, சூனி மக்களின் நகைகளிலிருந்து பிரித்தறிவது கடினம். ஹோப்பிக்கென்று தனிப் பாணி வேண்டும் என்று 1930-களின் இறுதியில் வடக்கு அரிசோனா அருங்காட்சியகம் யோசனை சொன்னது. இரண்டாம் உலகப்போர் வந்து அது தடைபட்டது. 1947-இல், போரிலிருந்து திரும்பிய ஹோப்பி வீரர்களுக்கு அரசுச் செலவில் வகுப்பு தொடங்கியது. வடிவம் சொல்லிக்கொடுத்தவர் கபோட்டி, வெள்ளி வேலை சொல்லிக்கொடுத்தவர் பால் சவ்ஃப்கி.

வேலை இரண்டு தகட்டில் நடக்கிறது. மேல்தகட்டில் உருவத்தை மயிரிழை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, அதைக் கீழ்த்தகட்டின்மேல் வைத்துப் பற்றவைக்கிறார்கள். நீங்கள் கேட்டது கறுப்பைப் பற்றி. என் கண் போவதோ இந்த ஒட்டின்மேல். காப்பின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கைதேர்ந்தவர் வேலை என்றால் இரண்டு தகடு என்றே தெரியாது.

வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும், செம்புக்கு 1,085. ஆனால் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் கலந்தால் 779 டிகிரியிலேயே உருகிவிடுகிறது, இரண்டையும்விடக் குறைவாக! துத்தநாகம் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் இறங்கும். நம் பொற்கொல்லர்கள் ‘பொடி’ என்பது இந்த மாதிரிக் கலவையைத்தான். தகடு உருகுமுன் பொடி உருகவேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். பொடியோடு சேர்த்துப் பூசும் வெண்காரம் (போராக்ஸ்) முதலில் உருகி, தகட்டின்மேல் படியும் ஆக்சைடைக் கரைத்துத் துப்புரவாக்குகிறது. பிறகு ஒரு நொடியில் பொடி மினுங்கித் திரவமாகிறது. துணி நுனி தண்ணீரை உறிஞ்சுவதுபோல, தகடுகளுக்கு இடையிலுள்ள மெல்லிய இடுக்கு அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. எந்தப் பக்கம் சூடு அதிகமோ அந்தப் பக்கமே ஓடும். ஆகவே தீயை நகர்த்தி ஓட்டத்தை நடத்தலாம். வெள்ளி வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவதால் ஒரு மூலையை மட்டும் சுடுவதும் நடக்காது, முழுத் தகடும் ஒருசேரச் சூடாகவேண்டும். பொடி கூடிப்போனால் அறுத்த மேகத்துக்குள் வழிந்து உருவம் பாழ். சரியாகப் பற்றினால், தட்டையாக ஒட்டியதை அப்புறம் காப்பாக வளைத்தாலும் பிரியாது.

அடுத்தது கறுப்பு. கந்தகச் சேர்மக் கரைசலில் நனைத்தால் மொத்தமும் கறுக்கும். மெருகேற்றும்போது மேடு வெளுத்துவிடும், பள்ளம் ஒரு தகட்டுக் கனம் கீழே இருப்பதால் தப்பிக்கும். உங்கள் விபூதியும் மேட்டோடு நின்றுவிட்டது அதனால்தான்.

இந்த வடிவங்கள் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அமெரிக்கத் தென்மேற்கின் பழங்கால மக்களான மிம்பிரஸ்காரர்களின் மட்பாண்ட ஓவியங்களை ஆராய 1945-இல் கபோட்டிக்கு குகன்ஹைம் அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தது. ஓர் ஓவியர் பழைய சட்டிகளை உட்கார்ந்து பார்க்கப் பணமா என்று நம்மூர் நிதிக்குழு கேட்டிருக்கும். அப்படிக் கேட்காத ஒருவர் எங்கோ இருந்ததில் எனக்குப் பொறாமைதான்.

மூன்றாவது கேள்விக்குப் பதில்: போய்விடும். அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்து, சல்ஃபைடை மறுபடி வெள்ளியாக்கிவிடும். அதற்கு மேடு பள்ளம் தெரியாது, கரைசல் நுழைகிற இடத்திலெல்லாம் வேலை செய்யும். பத்து நிமிடத்தில் மேகமும் மழையும் வெளுத்து, வெறும் பள்ளமாக நிற்கும். செய்யாதீர்கள். மெல்லிய துணியால் மேலாகத் துடையுங்கள், போதும்.