கொன்வென்தோ: கன்னிமாடம் அன்று, மடம்

மெக்சிகோவைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் 'வெகோத்சிங்கோ கன்னிமாடம்' என்று மூன்றாம் முறையாகக் கண்ணில் பட்டதும் தாளை மடித்து வைத்துவிட்டேன். வெகோத்சிங்கோ அந்நாட்டு ஊர். அங்குள்ள அந்தக் கட்டடத்தின் உள்ளறைச் சுவரில் ஓர் ஓவியம் இருக்கிறது. சிலுவையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் முழந்தாளிட்டிருக்கிறார்கள். 1524-இல் மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள். பன்னிருவரும் ஆண்கள். கன்னிகள் எங்கே?

அந்தக் கட்டடத்துக்கு அங்கே வழங்கும் பெயர் 'கொன்வென்தோ', ஸ்பானியச் சொல். வேர் இலத்தீனில், கூடுகை என்று பொருள். துறவிகள், ஆணோ பெண்ணோ, கூடி வாழும் வீடு. ஆங்கிலத்தில் அது 'கான்வென்ட்' ஆகி, பெண்களின் இல்லமாகச் சுருங்கியது. நம் ஊரில் ஆங்கிலவழிப் பள்ளிக்கூடமாகிவிட்டது. ('பள்ளி'யும் ஒரு காலத்தில் சமணத் துறவிகளின் உறைவிடம்தான். துறவிகள் போனபின் பிள்ளைகள் வந்து உட்காருவது சொற்களுக்கு வழக்கம் போலிருக்கிறது.)

கன்னிமாடம் என்பது அரசிளங்குமரிகள் தோழியரோடும் காவலோடும் இருந்த அரண்மனைப் பகுதி. பெண் துறவியருக்கே அது பொருந்தாது. மெக்சிகோ நகரில் 1540-இல் தொடங்கிய பெண்களின் இல்லத்தைக் கன்னியர் மடம் என்றால் போதும். நம் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஸ்பானியத்தைப் பார்க்கவில்லை, ஆங்கிலத்தைப் பார்த்தார். கட்டடத்தை எதிலும் பார்க்கவில்லை.

'மடாலயம்' என்று திருத்துகிறவர்களும் உண்டு. அதுவும் உதவாது. மெக்சிகோவின் போபோகாட்டெபெட்ல் எரிமலைச் சரிவில் வெகோத்சிங்கோவைப் போலுள்ள துறவியர் வளாகங்களில் கோயில் ஒரு கட்டடம். அதன் பக்கவாட்டில் ஒட்டி நிற்பது துறவிகளின் குடியிருப்பு. நடுவில் சதுர முற்றம், சுற்றிலும் வளைவுகள் தாங்கிய தாழ்வாரம், கீழே உணவுக்கூடமும் சமையலறையும், மேலே படுக்கை அறைகள். முழு வளாகத்துக்கும் வழங்கும் 'கொன்வென்தோ' என்ற பெயரே இந்தக் குடியிருப்பை மட்டும் தனித்தும் குறிக்கும். அங்கே 'ஆலயத்தை ஒட்டி மடாலயம்' என்று எழுதிப் பாருங்கள், வாசகர் இரண்டு கோயில்களைத் தேடுவார்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'துறவகம்' என்றார். மடம் வடசொல் என்பது அவர் வாதம். உண்மைதான். ஆனால் துறவகம் என்றதும் ஊரைவிட்டு ஒதுங்கிய குகை போலத் தோன்றுகிறது. இந்த மெக்சிகோ துறவிகளோ கோயில் வாசலில் மதில் சூழ்ந்த பெரிய வெளியை அமைத்து, அதை நோக்கித் திறந்த சிற்றாலயம் கட்டி, வெட்டவெளியில் நிற்கும் பழங்குடி மக்கள் கூட்டத்துக்குப் பூசை நடத்தியவர்கள். பாடமும் சோறும் ஊர் வழக்கும் நடக்கும் இடத்துக்கு நம்மிடம் ஒரே சொல்தான் இருக்கிறது: மடம். வேண்டுமானால் 'துறவியர் மடம்' என்று விரிக்கலாம். எந்தப் பாட்டிக்கும் அகராதி தேவைப்படாது.

அதே கட்டுரையில், அந்த வெளியின் நான்கு மூலைகளிலும் இருக்கும் 'போசா'க்களை 'ஓய்வறைகள்' என்று எழுதியிருந்தார்கள். நற்கருணைப் பவனி வலம் வரும்போது நின்று போகும் சிறு மண்டபங்கள் அவை. சாமி புறப்பாட்டில் மண்டகப்படி பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். வெகோத்சிங்கோவில் அவற்றின் முகப்பில் இயேசுவின் திருப்பாடுகளின் கருவிகளை ஏந்திய வானதூதர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஓய்வறையாம்!