கன்செஷன்: பஸ்ஸில் ஒன்று, வெள்ளை மாளிகையில் ஒன்று

2024 நவம்பர் 7, வியாழக்கிழமை காலை. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு டீக்கடை. சுவரில் மாட்டிய டிவியில் மலையாளச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்ற கமலா ஹாரிஸ் மேடையில் பேசுகிறார். செய்தி வாசித்தவர் 'கன்செஷன் ஸ்பீச்' என்றார். பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டுக் காலிக் கேனோடு வந்து உட்கார்ந்த மாமா ஒருவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் மாப்ள, தோத்தவங்களுக்கு எதுக்குங் கன்செஷன்? அந்தம்மா என்ன காலேஜுக்கா போகுது?"

கடையே சிரித்தது. பகடியிலும் ஒரு பொருத்தம் இருந்தது. அவர் நின்று பேசிய இடம் ஹோவர்ட் பல்கலைக்கழகம், அவரே படித்த காலேஜ்.

எங்கள் சித்தூர் தாலுகாவில் கன்செஷன் என்றால் பஸ்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் அட்டையைக் காட்டிக் குறைந்த காசில் போவது. அதன் ஆரம்பக் கட்டணம் 2012-இல் 1 ரூபாய் என்று வைத்தது. 2022-இல் பெரியவர்களுக்கு மினிமம் 10 ரூபாய் ஆனபோதும் பிள்ளைகளுக்கு அந்த 1 ரூபாய் அப்படியே நின்றது. அதனால் தனியார் பஸ் முதலாளிகளுக்குத் தீராத குறை, கண்டக்டர்களுக்குத் தீராத எரிச்சல். பஸ் கிளம்பும்வரை பிள்ளைகள் ஏறக்கூடாது, சீட்டில் உட்காரக்கூடாது என்று சட்டத்தில் இல்லாத சட்டம் பல உண்டு. 'ஒரு எஸ்.டி.', அதாவது ஸ்டூடண்ட் டிக்கெட், என்று பிள்ளைகள் நாணயத்தை நீட்டும்போது கண்டக்டர் முகத்தைப் பார்க்கவேண்டும். நானும் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான். வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் போய்விட்டால் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே அரசு பஸ்ஸில் பிள்ளைகளுக்கு ஃப்ரீ, அதன் பெயர் பஸ் பாஸ். ஒரே ரோடுதான். பாலத்துக்கு இந்தப் பக்கம் கன்செஷன், அந்தப் பக்கம் பாஸ்.

ஆக மாமாவின் கேள்வி விளையாட்டு இல்லை. குறைந்த கட்டணத்துக்கும் தோற்றவர் பேச்சுக்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

வேர் லத்தீன். 'கேதெரே' என்றால் நகர்தல், விலகிப் போதல், இடம் விடுதல். முன்னால் 'கொன்' என்ற ஒட்டு சேர்ந்தால் முழுக்க விலகி வழிவிடுதல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்து சேர்ந்தது. நான் வாங்கவேண்டியதில் கொஞ்சம் விலகிக்கொள்கிறேன் என்றால் கட்டணச் சலுகை. என் வாதத்திலிருந்து விலகுகிறேன் என்றால் ஒப்புதல். போட்டியிலிருந்து விலகி உனக்கு வழிவிடுகிறேன் என்றால் தோல்வி ஏற்பு. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே அசைவு, ஓர் அடி ஒதுங்குவது. இதில் வேடிக்கை என்னவென்றால், சக்சஸ் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தது. பின்னால் வருதல், அடுத்து வந்து இடம் பிடித்தல் என்பது அதன் முதற்பொருள். ஊர்வலத்தைக் குறிக்கும் ப்ரொசஷனும் அந்தக் குடும்பம்தான். ஜெயித்தவனின் சக்சஸ், அவன் விடும் ப்ரொசஷன், தோற்றவனின் கன்செஷன், மூவரும் ஒரு தாய் மக்கள்.

எல்லைப்பகுதிக்காரர்களுக்கு இந்தச் சொல்லோடு இன்னொரு உறவும் உண்டு, அது அவ்வளவு இனிப்பானது இல்லை. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பம் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்தது. பத்திரங்களில் அதற்கும் கன்செஷன் என்றே பெயர். இன்றைய மூணாறு அந்த எழுத்திலிருந்து பிறந்தது. பின்னால் தேயிலை நட்டுக் கொழுந்து கிள்ள மலையேறியவர்கள் தமிழர்கள். அவர்களுக்கு அந்தப் பத்திரத்தில் எந்தக் கன்செஷனும் எழுதியிருக்கவில்லை.

தமிழில் சலுகை என்று எழுதிவிடலாமே என்று கேட்பார்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அது சரி. மூத்தவர்களுக்கு ரயிலில் இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது என்றால் யாருக்கும் புரியும். ஆனால் சலுகைக்கு ஒரு திசை உண்டு. 'அவனுக்கு முதலாளிகிட்ட சலுகை ஜாஸ்தி', 'தாத்தா சலுகை கொடுத்துக் கெடுத்துவிட்டார்' என்கிறோம். மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் காட்டுவது அது. தோற்றவர் ஜெயித்தவருக்குச் சலுகை காட்டினார் என்றால் ஏணி தலைகீழாகிறது. கைப்பேசியில் மொழிபெயர்க்கச் சொல்லிப் பார்த்தேன், 'சலுகைப் பேச்சு' என்று வந்தது. மாமாவின் சந்தேகம் அதைவிட மேல்.

அமெரிக்காவில் இந்த வழக்கத்துக்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. மாநிலங்கள் எண்ணிச் சொன்னதையும், டிசம்பரில் தேர்வாளர் குழு, அதாவது மாநிலவாரியாகத் தேர்ந்த பிரதிநிதிகள், போட்ட ஓட்டையும், ஜனவரி 6-இல் காங்கிரஸ் கூட்டத்தில் எண்ணி முடித்ததையும் வைத்துத்தான் முடிவு. தோற்றவர் வாயைத் திறக்காவிட்டாலும் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். ஆனாலும் 1896-இல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், தன்னைத் தோற்கடித்த மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி அடித்ததிலிருந்து இது எழுதாத மரபாக ஊன்றிவிட்டது. தந்தி போய் ரேடியோ வந்தது, பிறகு டிவி. 2000-இல் நடந்த கூத்து தனி. அல் கோர் இரவோடு இரவாகப் புஷ்ஷைக் கூப்பிட்டுத் தோல்வியைச் சொன்னார். ஃபுளோரிடாவில் வித்தியாசம் சுருங்குகிறது என்று தெரிந்ததும் திரும்பக் கூப்பிட்டு, சொன்னதை வாபஸ் வாங்கினார். கடைசியில் அந்த மாநிலத்தில் வித்தியாசம் 537 ஓட்டு. எங்கள் பஞ்சாயத்து வார்டுக்குக்கூட அது பெரிய எண் இல்லை. டிசம்பர் 12-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மறு எண்ணிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தது, மறுநாள் அவர் பேசினார். அதோடு விடவில்லை. துணை அதிபர் என்ற முறையில் 2001 ஜனவரி 6-இல் தன் தோல்வியை எண்ணிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. 2025 ஜனவரி 6-இல் அந்த நாற்காலியில் கமலா ஹாரிஸ்.

பேச்சு யாருக்காக? எதிரிக்காக என்று தோன்றும். உண்மையில் அது தன் ஆட்களுக்கு. 2008-இல் ஃபீனிக்ஸில் ஜான் மெக்கெய்ன், ஒபாமா பெயரைச் சொன்னதும் கூட்டம் ஊளையிட்டது. அவர் கையை உயர்த்தி அடக்கினார். அந்தக் கையசைவுதான் கன்செஷன், மீதியெல்லாம் வார்த்தை.

2016-இல் ஹிலாரி கிளின்டனுக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் அதிக ஓட்டு விழுந்தது. தேர்வாளர் கணக்கில் டிரம்ப் ஜெயித்தார். ஹிலாரி மறுநாளே பேசித் தோல்வியை ஏற்றார், ஆனால் தெருவில் திரண்டவர்கள் ஏற்கவில்லை. 'இவர் என் அதிபர் அல்லர்' என்று பல நகரங்களில் கோஷம். எங்கள் ஊரில் அந்த முடிவு வந்ததே பலருக்குத் தெரியாது. இந்திய நேரப்படி நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு. 9-ஆம் தேதி மதியம் அமெரிக்க முடிவு. பேங்க் பூட்டிக் கிடந்தது, டீக்கு நீட்டிய 500 ரூபாயைக் கடைக்காரர் தொடவில்லை. அன்றைக்கு உலகமே வாஷிங்டனைப் பார்த்தது என்பார்கள். கொழிஞ்சாம்பாறை தன் சட்டைப்பையைப் பார்த்தது.

2020-இல் தலைகீழ். நவம்பர் 7-இல் பைடன் ஜெயித்ததாக டிவிகள் அறிவித்ததும் ஒரு பாதி ஜனம் தெருவில் ஆடியது. தோற்ற டிரம்ப் ஏற்கவில்லை. நீதிமன்றங்களில் 60-க்கும் மேல் வழக்கு. 2021 ஜனவரி 6-இல் அவர் ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. பதவியேற்புக்கும் டிரம்ப் வரவில்லை. இதே தேர்தலுக்குத் திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தில், அம்மா வழித் தாத்தாவின் ஊரில், துணை அதிபருக்கு நின்ற கமலாவுக்காகப் பூஜை, வெற்றிக்குப் பிறகு கோலமும் வெடியும். 2024-இலும் அங்கே பூஜை நடந்தது. வெடிக்கு வேலை வரவில்லை.

இதற்கெல்லாம் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். என்னென்ன இருக்கிறது?

விட்டுக்கொடுத்தல் நல்ல சொல், ஆனால் இங்கே பொருந்தாது. கையில் இருப்பதைத்தான் விட்டுக்கொடுக்க முடியும். அண்ணன் தம்பிக்கு வரப்பை விட்டுக்கொடுக்கலாம். தோற்றவர் கையில் விட என்ன இருக்கிறது? 'தோல்வியை ஒப்புக்கொண்டார்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எனக்கு அதில் போலீஸ் ஸ்டேஷன் வாசம் அடிக்கிறது. திருடியதை ஒப்புக்கொள்வார்கள், தோற்றது குற்றமா? சரணடைதல் காலில் விழுவது. மலையாளத்தில் 'அடியறவு பறஞ்ஞு' என்பார்கள், அதிலும் பணிவுதான் முன்னால் நிற்கிறது. 'தோல்வி சம்மதிச்சு' என்பது அவர்கள் அன்றாடப் பேச்சு. நல்ல சொல், அளவான சொல், எங்கள் வாயிலும் தானாக வந்துவிடும். 'தோத்தத சம்மதிச்சுட்டான்' என்றால் இந்தப் பக்கம் யாரும் திருத்தமாட்டார்கள்.

ஏற்காதவர்களைச் சொல்ல மட்டும் இரண்டு மொழியிலும் பஞ்சமே இல்லை. நமக்கு, கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. அவர்களுக்கு, 'வீணிடத்து கிடந்து உருளுக', அதாவது விழுந்த இடத்திலேயே கிடந்து உருண்டு சமாளிப்பது. 'வீணது வித்யயாக்குக' என்று இன்னொன்று, விழுந்ததையே வித்தை என்று காட்டிவிடுவது. தமிழன் மண்ணை மறைக்கிறான், மலையாளி விழுந்ததைக் கலையாக்குகிறான். 2020-க்கு எது பொருத்தம் என்று டீக்கடையில் ஒரு மணி நேரம் ஓடியது.

பழைய தமிழில் தோற்றவனுக்கு மரியாதையாகப் பிழைக்க வழி குறைவு. வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயித்தான். தோற்ற சேரன் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான், அதாவது உண்ணாமல் உயிர் விட உட்கார்ந்தான். புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக் குயத்தியார் ஜெயித்தவன் முகத்துக்கு நேரே, தோற்ற அந்தச் சேரன் 'நின்னினும் நல்லன் அன்றே', உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்கிறார். என்ன துணிச்சல்! ஆனால் அந்த நல்லவன் சாகவேண்டியிருந்தது. தோற்றுவிட்டு, மறுநாள் காலையில் எழுந்து பல் விளக்கி, அடுத்த தேர்தலுக்கு நிற்கிற மனிதனுக்கு அந்தக் காலத்தில் சொல் தேவைப்படவில்லை.

இப்போது தேவைப்படுகிறது. என் ஓட்டு 'தோல்வி ஏற்பு'. பேச்சுக்குத் 'தோல்வி ஏற்புரை'. இப்படிச் சொன்னபோது தமிழாசிரியரான அண்ணன் ஒருவர், "ஏற்பது இகழ்ச்சின்னு ஔவையார் சொல்லியிருக்குதே கண்ணு" என்று மடக்கினார். அது பிச்சை ஏற்பது. ஏற்றலுக்கு வேறு முகமும் உண்டே. எதிரி எறிந்த வேலை மார்பில் ஏற்றான் என்கிறோம். வருவதை எதிர்நின்று வாங்குவது அது. முதுகில் பட்டால் புறப்புண், மார்பில் ஏற்றால் விழுப்புண். சேரன் எதற்கு நாணினானோ அதற்கு நேர் மறுபக்கம் இந்தச் சொல்லில் இருக்கிறது. சாகாமலே மார்பில் வாங்கிக்கொள்ளலாம். அண்ணன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, வெச்சுக்க" என்றார். விருது விழாவில் பேசுவதற்கும் ஏற்புரை என்றுதான் பெயர், குழம்பாதா என்று கேட்டார். முன்னால் தோல்வி இருக்கிறதே, போதும்.

எழுதும்போது இப்படி: 'ஹிலாரி மறுநாள் காலை தோல்வி ஏற்புரை ஆற்றினார்', 'டிரம்ப் 2020-இல் தோல்வியை ஏற்கவில்லை'. இலங்கைத் தமிழர் 'ஜனாதிபதி' என்பார்கள், நாம் அமெரிக்காவுக்கு 'அதிபர்', இந்தியாவுக்குக் 'குடியரசுத் தலைவர்' என்கிறோம். எங்கள் ஊரில் மட்டும் வெறுமனே 'பிரசிடண்டு தோத்துட்டாரு' என்று சொல்லக்கூடாது. பஞ்சாயத்து ஆபீஸ் பக்கம் ஆள் ஓடிவிடும்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் கேரளத்தில் பந்தயம் சூடு பிடிக்கும், பணம் மட்டும் இல்லை, மொட்டை, மீசை என்று உடம்பையே வைப்பார்கள். எங்கள் வார்டு முடிவு வந்த சாயங்காலம் முடிவெட்டும் கடைக்குள் ஒருவர் தானாகவே வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே ஜெயித்த கட்சிக்காரர்கள் நாலு பேர், கையில் போன். பாதி மீசை என்பது பேச்சு. கடைக்காரர் சரியாக மூக்குக்குக் கீழே அளவெடுத்து ஒரு பக்கத்தை வழித்தார். தோற்றவர் கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"பாதிதான எடுத்தீங்க, காசுல கன்செஷன் உண்டுங்களா?"

"மீசைக்கெல்லாம் எஸ்.டி. இல்லீங்ணா" என்று கடைக்காரர் துண்டை உதறினார்.