நான்கு வெள்ளி அணுக்களில் ஒரு படம்

பிரிட்டனின் பழைய நீராவி ரயில் நிலையங்களில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தைச் சீருடை, வண்டி, அறிவிப்புப் பலகை என அனைத்தோடும் மறுபடி நடித்துக் காட்டும் விழாக்கள் நடக்கின்றன. அவற்றைச் சிலர் இன்றும் கறுப்பு வெள்ளைப் பிலிமிலேயே எடுக்கிறார்கள். கைப்பேசிப் படத்தை நிறம் நீக்கினால் போதாதா, பிலிமுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

லென்ஸ் ஒளியைக் குவித்துத் தலைகீழ் பிம்பத்தை உருவாக்குவது பள்ளிப் பாடம். அந்தப் பிம்பம் விழும் இடத்தில், ஜெலட்டின் படலத்துக்குள் சில்வர் புரோமைடு படிகங்கள் எண்ணற்றுச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அளவுள்ள ஒரு படிகத்தில் ஏறத்தாழ நூறு கோடி வெள்ளி அயனிகள் இருக்கும். ஒளித்துகள் ஒன்று படிகத்தில் பட்டால் புரோமைடு அயனியிலிருந்து ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு அலைந்து, பரப்பில் உள்ள ஒரு நுண்புள்ளியில் சிக்கிக்கொள்கிறது. அதன் எதிர்மின்னூட்டம், படிகத்துக்குள் இடம்பெயரக்கூடிய வெள்ளி அயனி ஒன்றைத் தன்னிடம் இழுக்க, இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளி அணு பிறக்கிறது. 1938இல் இயற்பியலாளர்கள் ரொனால்டு கர்னியும் நெவில் மாட்டும் தந்த விளக்கம் இது.

தனித்த அணு நிலையற்றது. துணைக்கு இன்னொன்று விரைவில் வராவிட்டால் சில நொடிகளில் மீண்டும் அயனியாகிவிடும். மங்கிய ஒளியில், விளக்குகளை அணைத்துவைக்கும் போர்க்கால இருட்டடிப்புக் காட்சியை நெடுநேரம் ஷட்டரைத் திறந்து எடுப்பவர்கள், ஒளிமானி சொல்வதைவிடக் கூடுதல் நேரம் தர வேண்டியிருப்பது இதனால்தான். ஒரே இடத்தில் ஏறத்தாழ நான்கு அணுக்கள் சேர்ந்துவிட்டால் படிகத்தின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. எந்த நுண்ணோக்கியாலும் எளிதில் காண முடியாத அந்தச் சிறு கூட்டத்தின் வழியாக, படமெடுத்த பின் பிலிமை நனைக்கும் டெவலப்பர் கரைசல் எலெக்ட்ரான்களைச் செலுத்தி, படிகம் முழுவதையும் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. நான்கு அணுக்கள் நூறு கோடி அணுக்களாகப் பெருகும் இந்த வேதியியலுக்கு நிகராக என்னை வியக்கவைத்தவை மிகச் சிலவே. ஒளி படாத படிகங்களை ஃபிக்சர் என்ற அடுத்த கரைசல் கரைத்து வெளியேற்றிவிடும்.

எலெக்ட்ரானைப் பிடித்துவைக்கும் அந்த நுண்புள்ளி எங்கிருந்து வந்தது? சில ஜெலட்டின்கள் நல்ல பிலிமைத் தர, வேறு சில ஏன் தரவில்லை என்று கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்டு தேடியபோது, கடுகு எண்ணெயில் இருப்பது போன்ற கந்தகச் சேர்மங்களே காரணம் என்று 1925இல் தெரியவந்தது. கந்தகம் படிகப் பரப்பில் வெள்ளி சல்பைடுப் புள்ளிகளை உண்டாக்குகிறது. தொழிற்சாலைச் சிக்கல் ஒன்றின் வேரைத் தேடும் பொறுமையான ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியதால் கிடைத்த விடை இது. உடனடி லாபத்தை மட்டும் கேட்கும் நிதிக் கொள்கைகள் இத்தகைய கேள்விகளை முளையிலேயே கிள்ளிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

விழாப் படங்களின் தோற்றத்துக்கும் இந்தப் படிகங்களே காரணம். பெரிய படிகம் குறைந்த ஒளியிலேயே விழித்துக்கொள்ள, சிறியது மிகுந்த ஒளிக்காகக் காத்திருக்கிறது. ஆகவே வெயிலில் மின்னும் நீராவிப் புகை திடீரென வெறும் வெள்ளையாக முடிந்துவிடாமல், சன்னமான மாறுதல்களோடு பதிகிறது. படிகங்கள் சீரான கட்டங்களாக இன்றி ஒழுங்கற்றுச் சிதறியிருப்பதே பிலிம் படங்களில் தெரியும் சொரசொரப்புக்குக் காரணம்.

நிறத்தைப் பொறுத்தவரை, சில்வர் புரோமைடு இயல்பாக நீலத்தையும் புறஊதாவையும் மட்டுமே உணரும். சாயம் சேர்த்தால் பிற நிறங்களையும் உணரும் என்பதை ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் வோகெல் 1873இல் கண்டறிந்தார். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமில் எடுத்தால், நடிப்பவரின் உதட்டுச் சாயமும் பிரிட்டனின் சிவப்பு அஞ்சல் பெட்டியும் ஏறக்குறையக் கறுப்பாகவே விழும். முழு நிறமாலையையும் உணரும் பிலிம்கள் போர்க்காலத்திலேயே புழக்கத்தில் இருந்ததால், இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அது அக்காலத்துக்குப் பொருந்தும்.

எடுத்த சுருளை வெயிலில் நின்ற வண்டிக்குள் விட்டுவைக்கக் கூடாது. வெப்பம் எலெக்ட்ரான்களை ஒளியின்றியே விடுவித்து, படமெடுக்காத இடத்திலும் வெள்ளியைச் சேர்த்துவிடும்.