சொல் விளக்கம்: மனத்தாழ்மை

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நான் எடுக்கும் ஞாயிறு வேத வகுப்பில் படிவம் ஐந்து படிக்கும் ஒரு பையன் மலாய்ச் சொல் ஒன்றை வைத்துக் கேட்டான்: "டீச்சர், மனத்தாழ்மைன்னா ரெண்டா டிரிதானே? பள்ளியில கவுன்சலர் அது இருக்கவே கூடாதுன்னு சொல்றாரு. நீங்க இருக்கணும்னு சொல்றீங்க." வகுப்பே சிரித்தது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் மலாயே வழி காட்டியது. 'ரெண்டா' என்றால் தாழ்வு, 'டிரி' என்றால் தான். தன்னையே மட்டமாக எண்ணிச் சுருங்கிப்போவதைத்தான் கவுன்சலர் சொல்லியிருக்கிறார். நாம் தாழ்வு மனப்பான்மை என்போம். மனத்தாழ்மைக்கு மலாயில் இன்னொரு சொல் இருக்கிறது: 'ரெண்டா ஹாத்தி'. ஹாத்தி என்பது ஈரல். நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வதை மலாய்க்காரர்கள் ஈரலில் வைத்துச் சொல்கிறார்கள். மனம் + தாழ்மை, அச்சு அசலாக அதே கட்டுமானம்.

கிரேக்கத்திலும் அப்படித்தான். புதிய ஏற்பாட்டில், பிலிப்பி ஊர்ச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய கடிதத்தில் (பிலிப்பியர் 2:3) மனத்தாழ்மைக்கு உள்ள சொல் 'தபெய்னோப்ரோசுனே'. 'தபெய்னோஸ்' என்றால் தரையோடு தாழ்ந்தது. பின்பாதி மனத்தைக் குறிக்கும் 'ஃப்ரேன்' என்பதிலிருந்து வந்தது. தபெய்னோஸ் அன்றைய கிரேக்கர் வாயில் மதிப்பான சொல் அல்ல, அடிமைக்கும் கூனிக்குறுகி நிற்பவனுக்கும் சொன்னது. 'தாழ்ந்த' என்ற சொல்லுக்கு நம்மிடமும் சாதியோடு ஒட்டிய ஒரு கசப்பான வரலாறு உண்டு. தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களோடு அதுவும் ஏறி வந்தது. அதனாலேயே சிலர் தாழ்மையை விட்டுவிட்டுப் பணிவு என்கிறார்கள். பணிவு அழகான சொல், வள்ளுவர் ஆண்ட சொல். ஆனால் பணிவை உடம்பால் மட்டுமே காட்டிவிடவும் முடியும். மேலாளர் முன் கைகட்டி நின்றுகொண்டே உள்ளுக்குள் திட்டலாம், நானே செய்திருக்கிறேன். பவுல் மனத்தைச் சேர்த்துத்தான் எழுதினார். எனவே என் கட்சி மனத்தாழ்மைதான்.

"மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்கிறது வசனம். உன்னை நீ எவ்வளவு கீழே வைத்துக்கொள்கிறாய் என்று அது கேட்கவில்லை. கண் அடுத்தவர்மேல் இருக்கிறது. அடுத்த வாரம் பையனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்.

அதே வசனத்தில் எதிர்ப்பக்கம் இரண்டு சொற்கள் நிற்கின்றன. ஒன்று, பழைய மொழிபெயர்ப்பில் 'வாது'. அதையே பின்னால் வந்த மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'கட்சி மனப்பான்மை' என்கிறது. மூலச்சொல் 'எரிதேயா', கூலிக்காரனைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, பதவிக்காக ஆள் பிடிப்பதுவரை வந்தது. சபைச் செயற்குழுத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் வேண்டாம்.

மற்றது 'வீண்பெருமை', கிரேக்கத்தில் 'கெனோடோக்சியா'. 'கெனோஸ்' என்றால் காலி, 'டோக்சா' என்றால் புகழ். நான்கு வசனம் தள்ளி, கிறிஸ்து "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்று வருகிறதே, அந்த வெறுமையும் இதே கெனோஸிலிருந்து வந்ததுதான். ஒருவன் காலிப் புகழைத் தேடுகிறான். இன்னொருவர் நிறைவாக இருந்து தம்மைக் காலியாக்குகிறார். ஓரிடத்தில் வீண், மற்ற இடத்தில் வெறுமை என்று தமிழில் போட்டதால் இந்த உறவு காதுக்கு எட்டவில்லை. 'வெறும்பெருமை' என்று வைத்திருக்கலாம் என்பது என் ஆசை.

இதை எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார். பிலிப்பி ரோமக் குடியேற்றம், பட்டம் பதவிகளைக் கல்லில் வெட்டிவைத்த ஊர். நம் மண்டபங்களில் வரவேற்புரை டத்தோ, டத்தோஸ்ரீ, டான் ஸ்ரீ என்று பட்டம் பட்டமாக நீண்டு, பின்வரிசையில் பிள்ளைகள் தூங்கிவிழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கற்கள் ஞாபகம் வரும்.

பெருமை என்ற சொல்லைத் தனியாகக் கவனிக்க வேண்டும். "பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, "பணியுமாம் என்றும் பெருமை" என்ற குறளில் (978) குழம்பிப்போகும். வள்ளுவருக்குப் பெருமை நல்லது, தன்னை வியந்து அணிந்துகொள்வது சிறுமை. எனவே வேதாகமம் கண்டிக்கும் பெருமைக்குச் செருக்கு என்பதே பொருத்தம். அகங்காரம் வடமொழி, 'நான்' என்பதை உண்டாக்குவது. ஆணவமும் அங்கிருந்து வந்ததுதான், சைவ சித்தாந்தத்தில் அணுவோடு தொடர்புள்ள சொல்: உயிரை அணுவளவாகச் சுருக்கிவிடுவது.

சுயநலத்துக்கு 1 கொரிந்தியர் 13:5-இல் ஒரு விநோதச் சொல் இருக்கிறது: அன்பு "தற்பொழிவை நாடாது". வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை. வெண்பலகையில் தன்னலம் என்று எழுதினேன்.

கத்தோலிக்கரான என் மாமியார் தாழ்மை என்று சொல்லவே மாட்டார், தாழ்ச்சி என்பார். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகும் வழியெல்லாம் காரில் செபமாலைதான். செபமாலையில் தியானிக்கும் நிகழ்வுகளைத் தேவ இரகசியங்கள் என்பார்கள். மகிழ்ச்சி தேவ இரகசியங்களில் முதலாவது, இயேசுவைப் பெறுவாய் என்று வானதூதர் மரியாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது; 'நான் ஆண்டவரின் அடிமை' என்பது மரியாவின் பதில். அதற்குத் தாழ்ச்சி என்னும் வரம் கேட்பார். இரண்டாவது, மரியா எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு ஓடியது. அதற்குக் கேட்பது பிறரன்பு. "ஏன் இந்த வரிசை?" என்று ஒருமுறை கேட்டேன். "அடிமைன்னு சொன்ன கையோட கெளம்பிப் போயிட்டா இல்ல?" என்றவர், மணியை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.