லாண்ட்ஃபில்: கிடங்கா, புதைநிலமா?

ஊரின் கழிவுகளை நிலத்தில் கொட்டி, இறுக்கி, மண்ணிட்டு மூடும் இடத்தை ஆங்கிலத்தில் லாண்ட்ஃபில் என்கிறார்கள். நிலம், நிரப்பு என்னும் இரு சொற்களின் கூட்டு இது. பள்ளத்தையும் சதுப்பையும் குப்பையால் தூர்த்துப் பயன்படும் நிலமாக்கிவிடலாம் என்ற பழைய எண்ணம் இதில் உறைந்திருக்கிறது. பெயரில் நிலம் இருக்கிறது, நிரப்புவது இருக்கிறது. குப்பை மட்டும் இல்லை.

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 1937-இல் தொடங்கிய தளத்தில், நீளப் பள்ளம் தோண்டி, குப்பையை இறுக்கி, அன்றன்றே மண்ணால் மூடினார்கள். திறந்தவெளியில் கொட்டுவதிலிருந்து இதைப் பிரித்துக்காட்டவே 'சானிட்டரி', அதாவது சுகாதாரமான, என்ற அடைமொழி சேர்ந்தது. முறையாக அமைந்த தளத்தில் இன்று அடியில் களிமண்ணும் நெகிழி விரிப்பும் இருக்கும். குப்பையில் ஊறி இறங்கும் நீரை வடிக்கக் குழாய்கள் இருக்கும். காற்றுப்படாமல் சிதையும்போது எழும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன் என்பதால், அதையும் பிடித்து எரிப்பார்கள் அல்லது மின்சாரமாக்குவார்கள்.

தமிழில் இதற்குப் பெரிதும் வழங்குவது 'குப்பைக் கிடங்கு'. கிடங்கு சங்க இலக்கியத்தில் அகழியைக் குறித்த சொல்; மதுரைக்காஞ்சியிலும் அப்படியே வருகிறது. அந்தப் பொருளில் பார்த்தால் குழிக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் இன்றைய காதுக்குக் கிடங்கு என்றால் பண்டசாலை, அதாவது வைத்த பொருளைத் திரும்ப எடுக்கும் இடம். திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல் கைவிட்ட குப்பைக்கு அது ஒவ்வாது. 'நிலநிரப்பல்' ஆங்கிலத்தின் நிழல். அந்த மூலச்சொல்லைப் போலவே குப்பையை மறைக்கிறது. 'குப்பைமேடு' நல்ல சொல்தான், எனினும் அது மூடாமல் கொட்டிய இடத்துக்கே உரியது.

என் பரிந்துரை 'கழிவுப் புதைநிலம்'. புதைத்தல் என்பதற்கு மறைத்தல் என்ற பொருளும் உண்டு; புதையல் அதில் பிறந்ததே. மறைத்தது மறைந்துபோவதில்லை என்பதையும் அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே, தொல்லியல் முறையில் இத்தகைய தளங்களைத் தோண்டியபோது, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் படிக்கும் நிலையில் கிடைத்தன. காற்றும் ஈரமும் போதாத ஆழத்தில் காகிதம்கூட எளிதில் மக்குவதில்லை.

ஆகவே, அடிவிரிப்பும் வடிகுழாயும் மூடலும் உள்ள இடத்தைப் புதைநிலம் என்றும், அவை இல்லாத இடத்தைக் குப்பைமேடு என்றும் எழுதலாம். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், மேட்டுக்கு அருகே வாழ்பவர் குடிக்கும் நிலத்தடி நீருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா இல்லையா என்பது படிப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.