வயிற்றுக்குள் ஒரு பள்ளி மணி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது அக்கா மகன் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம். ஏப்ரலில் ஒருநாள் மதியம் ஒன்றரைக்குக் கூப்பிட்டேன்.

"இப்பதான் மாமா பசியாறினேன்" என்றான். காலைச் சாப்பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறான்.

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் மெகி மீ (உடனடி நூடுல்ஸ்), மைலோ. இராத்திரி? "அதுவும் மெகிதான். ஒரு மணி இருக்கும்."

சோம்பேறி என்று எல்லாரும் திட்டினோம். அப்புறம் யோசித்துப் பார்த்தால், முதலில் மாறியது சாப்பாடே இல்லை, நேரம். சாப்பாடு அதன் பின்னால் போயிருக்கிறது.

மூளையின் அடிப்பக்கத்தில், இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணி அளவில் ஒரு நரம்புக் கொத்து உண்டு. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அது பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டு தினமும் அதைத் திருத்த வேண்டும். பதின்ம வயதில் அது இன்னும் பின்தங்கும். கல்லீரல், குடல், கணையம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவை வெளிச்சத்தைவிடச் சாப்பாட்டு நேரத்தைத்தான் பார்த்து நடக்கின்றன.

1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதிலிருந்து இங்கே விடிவதே ஏழுக்கு மேல்தான். இருட்டில் பேருந்து ஏறும் தோட்டத்துப் பிள்ளை, ஜன்னலோரமாகவும் பள்ளித் திடலிலும்தான் காலை வெளிச்சத்தைப் பார்க்கும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளந்தால், வெட்டவெளியில் 10,000-ஐச் சாதாரணமாகத் தாண்டும். வீட்டுக்குள் சில நூறு தேறினால் பெரிது. பள்ளி மூடியதும் அந்தத் தினசரித் திருத்தம் நின்றுபோனது.

தோட்ட வேலை மட்டும் நிற்கவில்லை. அக்காவும் மச்சானும் வழக்கம்போல விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனார்கள். வீட்டிலிருந்த ஒரே நல்ல கைப்பேசியும் மச்சான் சட்டைப் பையில் கூடவே போனது. மாலை அது திரும்பியதும் முதலில் தங்கைக்கு, இரவு பத்துக்கு மேல்தான் பையனுக்கு. இயங்கலை (ஆன்லைன்) வகுப்பின் பாடங்களை அவன் அப்போதுதான் திறப்பான். ஆக, இரவில் கண் விழித்ததற்குச் சோம்பலைவிடக் கைப்பேசிப் பங்கீடுதான் பெரிய காரணம்.

நள்ளிரவு மெகிக்கு வருவோம். இருட்டியதும் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் மந்தமாக்குகிறது. அதனால் காலையில் சாப்பிட்டால் எளிதாக அடங்கும் அதே மாவுச்சத்து, இரவில் இரத்தச் சர்க்கரையை அதிகம் ஏற்றி, இறங்கவும் நேரம் எடுக்கும்.

தூக்கம் குறைந்தால் பசியே மாறிவிடும். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். பத்து மணி நேரம் படுத்தபோது இருந்ததோடு ஒப்பிட்டால், 'போதும்' என்று சொல்லும் ஹார்மோனான லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியிருந்தது. இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மீதுதான் ஆசை கூடியது. அந்த நேரத்தில் கீரை நறுக்கச் சொன்னால் எந்தப் பையன் நறுக்குவான்? மெகி பொட்டலம் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

எல்லாமே கெட்டுப்போனது என்றும் சொல்ல முடியாது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பொரித்த சாசேஜ் தின்றவன், அக்கா வேலை முடிந்து வந்து வைத்த முருங்கைக்கீரைக் குழம்பில் சோறு சாப்பிட்டான். தமிழ்ப்பள்ளியில் இலவச உணவு பெற்றுவந்த அவன் தங்கைக்குத்தான் நட்டம்.

2021 அக்டோபரில் பள்ளிகள் மறுபடி கட்டம் கட்டமாகத் திறந்தன. வகுப்பைப் பாதியாகப் பிரித்து, ஒரு வாரம் பள்ளி, மறு வாரம் வீடு. கிரெலின் வழக்கமான சாப்பாட்டு வேளையை எதிர்பார்த்து முன்கூட்டியே ஏறும் பழக்கமுள்ளது. அவன் உடம்பில் அந்த வேளை மதியம் ஒன்றரையாகியிருக்க, பள்ளியின் காலை பத்து மணி இடைவேளையில் பசி எப்படி வரும்? அக்கா இலையில் கட்டிக்கொடுத்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) நான்கு நாளும் பிரிக்காமலே வீடு திரும்பியது. வெள்ளிக்கிழமைதான் வெறும் இலை வந்தது. திங்கட்கிழமை மறுபடியும் வீட்டு வாரம்.